ஏற்றம் பழகிய கால்களுக்கு இன்னும் என்ன பயிற்சி வேண்டும்?

இலங்கையின் மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கராத்தேயும் சிலம்பமும் பழகும் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாகச் சேர்ந்து பயிற்சி செய்துவருகிறேன். அவர்களில் யாராவது ஒருவர் கைப்பேசியில் பார்த்த பயிற்சி அட்டவணையொன்றைக் கொண்டுவந்து, “மாஸ்டர், இதை அப்படியே செய்யலாமா?” என்று கேட்காத மாதமே இல்லை. அந்த அட்டவணைகளில் பெரும்பாலானவை தவறானவை அல்ல. ஆனால் அவை பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலைசெய்து, வாகனத்தில் வீடு திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவருக்கு நடையும் ஓட்டமும்தான் முதல் தேவை. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து பாடசாலைக்குக் குறுக்குப் பாதையில் இறங்கி, மாலையில் புத்தகப் பையோடு அதே பாதையில் ஏறி, அதன் பிறகு தண்ணீருக்கும் விறகுக்கும் இன்னொரு முறை ஏறி இறங்கும் பிள்ளைக்கு மேலும் ஐந்து கிலோமீற்றர் மெது ஓட்டம் கொடுப்பதால் பெரிய பயன் விளைவதை நான் கண்டதில்லை. நம்முடைய நிலமும் தொழிலும் தாமாகவே உடலுக்குத் தந்திருப்பவை எவை, தராமல் விட்டவை எவை என்று முதலில் பிரித்தறிந்து, விடுபட்டதைச் சேர்ப்பதற்கே பயிற்சி நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

மலை நமக்குத் தருவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் மூச்சு. சண்டை கேட்பதோ வேறொன்று. உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிகளின்படி வளர்ந்தோருக்கான குமித்தே (இருவர் நேருக்கு நேர் மோதும்) போட்டி 3 நிமிடங்கள் நடைபெறும். அந்த மூன்று நிமிடங்களும் ஒரே சீரான முயற்சி அல்ல. எதிராளியைச் சுற்றி நகர்வதும் தூரத்தை அளப்பதும் பெரும்பகுதி; இடையிடையே இரண்டு மூன்று விநாடிகள் மட்டுமே நீடிக்கும் வெடிப்பான பாய்ச்சல்கள் வந்து போகின்றன. தசையில் சேமிப்பாக இருக்கும் பொஸ்போகிரியேற்றின் என்ற எரிபொருள் ஏறக்குறைய பத்து விநாடி வரையிலான உச்ச முயற்சிக்கே போதுமானது. அதற்கு மேல் ஒட்சிசனை எதிர்பாராமல் குளுக்கோசை உடைக்கும் வழி கைகொடுக்கும். முயற்சி நிமிடக் கணக்கில் நீளும்போதுதான் ஒட்சிசனைப் பயன்படுத்தும் வழி பெரும்பங்கை ஏற்கிறது. மலையேற்றம் பழக்குவது இந்த மூன்றாவது வழியை மட்டுமே. ஒரு மணி நேரம் ஏறினாலும் மூச்சு வாங்காத பையன், மெத்தையில் இறங்கிய முதல் நிமிடத்திலேயே தோள் தொய்ந்து வாய் திறந்து நிற்பதற்குக் காரணம் அதுவே. அவனிடம் உள்ள மூச்சு வீணல்ல. பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் இடையில் உடலைத் தேற்றுவது அதுதான். தேற்றிக்கொள்ளும் திறன் இருக்கிறது, பாயும் திறன் இல்லை என்பதே அவனுடைய நிலை.

ஆகவே அவனுக்கு நான் முதலில் கொடுப்பது ஏற்றத்தில் குறுகிய வேக ஓட்டம். நடக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்ற முடிகிற அளவுக்குச் சரிவுள்ள ஒரு துண்டுப் பாதையைத் தெரிந்தெடுத்து, எட்டு முதல் பத்து விநாடிகள் வரை முழு வேகத்தில் ஏறி ஓடி, நடந்தே இறங்கி, மூச்சு சீராகும்வரை இரண்டு நிமிடங்களாவது நின்று, மீண்டும் ஓட வேண்டும். தொடக்கத்தில் ஆறு ஓட்டங்கள் போதும். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம். சமதரையில் முழு வேகத்தில் ஓடுவதைவிட ஏற்றத்தில் ஓடுவது பாதுகாப்பானது. பாதம் தரையில் மோதும் விசை குறைகிறது, கால் முன்னே நீண்டு எட்டி வைக்கப்படுவதில்லை, அதனால் பின்தொடைத் தசை கிழியும் வாய்ப்பும் குறைகிறது. இளைஞர்கள் இதில் செய்யும் ஒரே பிழை ஓய்வைக் குறைப்பது. ஓய்வு குறைந்தால் நான்காவது ஓட்டத்திலேயே வேகம் விழுந்துவிடும். அதன் பிறகு பழகுவது வேகமல்ல, களைப்பு. நுவரெலியாவில், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதமே என்பதால், அங்கே பயிற்சி செய்பவர்கள் இடைவேளையை இன்னும் சற்று நீட்டுவது நல்லது. மழைக்காலத்தில் பாசி படர்ந்த சீமெந்துப் படிகளில் இந்த ஓட்டத்தை ஒருபோதும் செய்யக் கூடாது. தார் வீதியோ புல் வளர்ந்த மைதான மேடோ கிடைக்காவிட்டால் அன்றைக்கு மண்டபத்தில் கயிறு அடித்தால் போதும்.

வேக ஓட்டம் சில வாரங்களில் பழகிய பின்னரே தபாத்தா முறைக்குப் போகச் சொல்வேன். இந்தப் பெயரில் இன்று எத்தனையோ காணொளிகள் உலவுகின்றன. இசுமி தபாத்தாவும் உடன் ஆய்வாளர்களும் 1996 இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி கடும் முயற்சி, 10 விநாடி ஓய்வு என்ற சுற்றை நிலையான சைக்கிளில் ஏழு எட்டு முறை செய்தவர்கள், ஆறு வாரங்களில் மூச்சுத் திறனிலும் ஒட்சிசன் இல்லாத திறனிலும் ஒருசேர முன்னேறினார்கள். அதன் கடுமை எத்தகையது என்றால், எட்டாவது சுற்றோடு உடல் தானாக நின்றுவிட வேண்டும். நான்கு நிமிடம் முடிந்ததும் சிரித்துப் பேச முடிந்தால் அது தபாத்தா ஆகாது. நாங்கள் இதைச் சைக்கிள் இல்லாமல், ஒருவர் பிடித்திருக்கும் தடித்த மெத்தைத் துண்டின் மீது இருபது விநாடி குத்தும் உதையுமாகத் தொடர்ந்து அடித்து, பத்து விநாடி காலடி மட்டும் நகர்த்தி ஓய்வெடுக்கும் வகையில் செய்கிறோம். போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம்; ஆண்டு முழுவதும் செய்தால் பிள்ளைகள் உற்சாகம் இழந்துவிடுகிறார்கள்.

இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலைநாட்டவரே இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையான பருவத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போய்வந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். ஏறும்போதுதான் மூச்சு முட்டியிருக்கும். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படியிறங்க வைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அவ்வாறு நீளும் நிலையில் தசைநார்களில் நுண்ணிய சேதம் கூடுதலாக ஏற்படுகிறது. அதே வேலையை அளவாக ஒருமுறை செய்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சேதத்தை எதிர்க்கும் வலுவைப் பெற்றுவிடுகிறது என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. பின்கையால் குத்தும் கியாக்கு சுகிக்காகப் பாய்ந்து முன்காலை ஊன்றி உடலை நிறுத்தும் கணத்திலும், சிலம்பத்தில் துள்ளித் தரையிறங்கிக் கம்பைத் திருப்பும் கணத்திலும் தொடை செய்வது இதே வேலை.

இதற்கான பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு போதும். மேற்படியில் ஒரு காலால் நின்று, மற்றக் காலை முன்னே காற்றில் நீட்டி, நான்கு வரை எண்ணிக்கொண்டே நிற்கும் காலை மடக்கி, நீட்டிய காலின் குதி கீழ்ப்படியைத் தொட்டதும் எழ வேண்டும். முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்தின் இரண்டாவது விரலின் திசையில் போகிறதா என்பதை முன்னால் நின்று ஒருவர் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் தோட்டப் பாதைகளில் ஓடி இறங்கியே பழகியவர்கள். ஓடி இறங்கும்போது ஒவ்வொரு அடியும் கணத்தில் முடிந்துவிடுவதால், மடங்கும் வழி முழுவதும் தொடை பாரத்தைத் தாங்கிப் பழகுவதில்லை. மெதுவாக இறங்கச் சொன்னால் நல்ல மலையேறிகளுக்கும் ஐந்தாவது முறையில் தொடை நடுங்குவதைக் காணலாம். முழங்கால் வலிக்கிறது என்று வந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு பயிற்சி பலன் தந்திருக்கிறது. வீக்கமோ பூட்டிக்கொள்ளுதலோ இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

மலை தராமல் விட்டவற்றுள் முதன்மையானது இடுப்பின் விரிவு. ஏறுவதும் இறங்குவதும் காலை முன்னும் பின்னும் மட்டுமே அசைக்கின்றன. பக்கவாட்டில் திறப்பதும் தொடையெலும்பைக் குழியில் சுழற்றுவதும் அன்றாடத்தில் அரிது. போதாக்குறைக்கு ஏற்றத்தில் முன்குனிந்தே நடந்து இடுப்பின் முன்தசைகள் குறுகிவிடுகின்றன. இந்த உடலோடு பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரிக்குப் போனால் இடுப்பு திரும்பாது. திரும்பாத இடுப்புக்குப் பதிலாக நாரியும் ஊன்றிய முழங்காலும் முறுக்கப்படும். கால்களை இருபுறமும் அகட்டி உட்கார்ந்து பின்னாலிருந்து ஒருவர் முதுகை அழுத்தும் பழைய முறையை நான் அறவே விட்டுவிட்டேன். கால் எவ்வளவு உயரம் தூக்கப்படலாம் என்பதைவிட, தூக்கிய உயரத்தில் தன் பலத்தாலேயே நிற்குமா என்பதே உதைக்குத் தேவை. சுவரில் ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உயர்த்தி, காலை மிக மெதுவாக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, வந்த வழியே மடித்து இறக்கும் பயிற்சியை ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை செய்தால் போதும். அதோடு, கால்களை அகல வைத்து ஒரு பக்கமாக முழுவதும் தாழ்ந்து அமர்ந்து மறு பக்கத்துக்கு மாறுவதும், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிப் பின்னிடுப்பை முன்னே தள்ளி நிற்பதும் நாள்தோறும் செய்யத்தக்கவை.

எப்போது செய்வது என்பது இங்கே மிகவும் முக்கியம். தையிலும் மாசியிலும் நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் அதிகாலைகளில், போர்வையிலிருந்து எழுந்து நேரே காலை நீட்டி இழுப்பவர்கள்தான் அதிகம் காயமடைகிறார்கள். குளிர்ந்த தசை விறைப்பானது. முதலில் வியர்வை அரும்ப வேண்டும். கொழும்பில் எட்டு நிமிடம் போதுமென்றால் இங்கே பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மெதுவாகக் கயிறு அடித்தல், கை கால்களை வீசுதல், இடுப்பைச் சுழற்றுதல், பிறகு பாதி வேகத்தில் ஒரு காட்டா (வரிசைப்படுத்திய தாக்கு, தடுப்பு அசைவுகள்) என்ற ஒழுங்கில் சூடேறலாம். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நிற்கும் நீட்டல்கள் உடனடியாகப் பின்வரும் வெடிப்புத் திறனைச் சற்றே குறைக்கின்றன என்பதால் அவற்றை வகுப்பின் முடிவுக்குத் தள்ளிவிடுங்கள்.

பின்தொடைக்கு ஒரே பயிற்சியைச் சொல்வதென்றால் நோர்டிக் முறையைச் சொல்வேன். மடித்த சாக்கின் மீது முழங்காலிட்டு, தோழர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்திருக்க, முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்தபடி முடிந்தவரை மெதுவாக முன்னே சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கைகளால் தரையில் விழ வேண்டும். உதைபந்தாட்ட வீரர்களிடம் பின்தொடைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று ஆய்வுகள் காட்டிய பயிற்சி இது. முதல் வாரத்தில் ஐந்து முறைக்கு மேல் செய்தால் மறுநாள் பாடசாலைப் படியேற முடியாது.

மேலுடலைப் பொறுத்தவரை தண்டால் எடுப்பதில் யாருக்கும் குறைவில்லை, இழுப்பதில்தான் குறை. குத்திய கையை அதே வேகத்தில் திரும்ப இழுக்காதவர் அடுத்த குத்தைத் தாமதமாகவே தொடங்குவார். தண்டால் மட்டுமே எடுத்துவந்த தோள் முன்னே வளைந்து, ஈராண்டில் வலிக்கத் தொடங்கும். இரண்டு தண்டாலுக்கு ஒரு இழுப்பாவது இருக்க வேண்டும். இரும்புக் குழாயோ உறுதியான மரக்கிளையோ கிடைத்தால் தொங்கி ஏறலாம். கிடைக்காவிட்டால் பழைய படுக்கை விரிப்பின் ஒரு முனையை முடிந்து, முடிச்சு மறுபுறம் நிற்கும்படி கதவிடுக்கில் வைத்துக் கதவைத் தாழிட்டு, மறுமுனையைப் பிடித்துப் பின்னே சாய்ந்து மார்பை இழுக்கலாம்.

கைப்பிடியின் பலத்துக்கும் மணிக்கட்டுக்கும், கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவின் பழைய ஆசான்கள் அருமையான வழிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். கராத்தேயின் கோஜு ரியூ பிரிவைத் தோற்றுவித்த சோஜுன் மியாகியின் வழியில் வந்தவர்கள் இன்றும் செய்யும் ஹோஜோ உந்தோ என்ற துணைப் பயிற்சிகளில், கல்லில் கைப்பிடி பொருத்திய சீ இஷியும் வாயகன்ற மண்சாடியான நிகிரி காமேயும் உண்டு. இவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெறுமையான பால்மா டின்னொன்றில் சீமெந்துக் கலவையை ஊற்றி, அது இறுகுவதற்கு முன் நடுவில் இரண்டு சாண் நீளமுள்ள கட்டையை நட்டுவிட்டால் சீ இஷி தயார். கட்டையின் அடியில் குறுக்காக இரண்டு ஆணிகளை அறைந்துவிட்டு நட வேண்டும், இல்லையேல் சில வாரங்களில் கட்டை சுழன்று கழன்றுவிடும். கட்டையின் முனையைப் பிடித்து, பாரம் மேலே இருக்கும்படி தலையைச் சுற்றி மெதுவாகக் கொண்டுவந்து தோளுயரத்தில் நிறுத்தும்போது விரல் முதல் விலாவரை வேலை செய்வதை உணரலாம். நம் முன்னோர் கர்லாக்கட்டை சுழற்றிப் பெற்றதும் இதே பயன்தான். தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு இந்த மலைகளுக்கு வந்து, இன்றும் திருவிழாக்களிலும் தீபாவளியிலும் தப்பு மேளம் முழங்க ஆடப்படும் சிலம்பத்துக்கு, மணிக்கட்டும் முன்கையும் சோராதிருப்பதே உயிர். ஆகவே சிலம்பப் பிள்ளைகளுக்கு டின் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் கொடுக்கிறேன். கராத்தே பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதும்.

தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதியை நான் கொடுப்பதில்லை. பல தோட்டங்களில் நாட்சம்பளத்துக்குக் கேட்கப்படும் 18 கிலோ கொழுந்தைப் பறிக்க, சரிவில் ஒரு காலை உயர்த்தி ஒரு காலைத் தாழ்த்தி நின்று, தலையில் மாட்டிய கயிற்றில் பின்னே தொங்கும் பாரத்தைக் கழுத்தால் தாங்கி, கைகளை முன்னே நீட்டியபடியே பகலைக் கழித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கால்களும் கழுத்தும் விரல்களும் அன்றைய பயிற்சியை முடித்துவிட்டே வருகின்றன. அவர்களுக்குத் தோப்புக்கரணமும் ஓட்டமும் கொடுப்பது அநியாயம். முதலில் மல்லாந்து படுத்து, முதுகுக்குக் குறுக்கே சுருட்டிய துணியை வைத்து, கைகளைத் தலைக்கு மேலே விரித்து ஐந்து நிமிடம் கிடக்கச் செய்கிறேன். பிறகு கதவில் கட்டிய விரிப்பை இழுத்தல், பக்கவாட்டில் முழங்கையூன்றிப் படுத்து உடலை நேராக நிறுத்தல், மெதுவான உதைகள். வேகமான வேலையை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வைத்துக்கொள்கிறோம். அவர்களுடைய குத்தில் ஒரு கனம் இருக்கிறது. நகரத்து வகுப்புகளில் பழகியவர்களிடம் அதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சில பயிற்சிகளை விட்டுவிடும்படி சக மாஸ்டர்களை வேண்டிக்கொள்கிறேன். முழுவதும் குந்திய நிலையில் மைதானத்தைச் சுற்றும் வாத்து நடையைத் தண்டனையாகக் கொடுப்பது வளரும் முழங்கால்களுக்குத் தீங்கு. பதினாறு வயதுக்கு முன் குத்திப் பழகும் மாக்கிவாராப் பலகையிலோ சுவரிலோ கைமுட்டியைக் காய்ப்பேற்றுவதும் வேண்டாம். விரலெலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் அப்போது இன்னும் மூடியிருக்காது. அந்த வயதில் பயிற்சிப் பை போதும்.

இவ்வளவும் பலிக்க வேண்டுமானால் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் 31.7 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்புக்கு வரும் வயதை எட்டியிருக்கிறார்கள். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் உண்டு வருபவருக்குக் கடும் பயிற்சியைக் கூட்டுவது உடலைத் தின்னக் கொடுப்பதாகும். பருப்பு, கௌப்பி, கடலை, நெத்தலி, முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது நாளில் இரண்டு வேளை சேர வேண்டும். முட்டையொன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதமும் உலர்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 24 கிராமும் உண்டு. பணத்துக்குப் பருப்பே அதிகம் தரும். நாம் விளைவிக்கும் தேயிலையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உணவோடு குடிக்கும் தேநீரிலுள்ள பொலிபீனோல்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சோற்றுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். சோற்றோடு தேசிக்காய்ப் புளியோ, பின்னால் ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

மாதவிலக்கு தொடங்கிய பெண்பிள்ளைகள் படியேறும்போது வழக்கத்துக்கு மாறாக இளைத்தால் அதைச் சோம்பல் என்று கருதக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அப்படியானவர்களுக்கு வேக ஓட்டத்தையும் தபாத்தாவையும் உடனே நிறுத்திவிட்டு, இடுப்புப் பயிற்சிகளையும் மெதுவான காட்டாவையும் மட்டும் தொடரச் செய்கிறேன். மாத்திரை எடுத்தாலும் அளவு தேறுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், அந்தத் தவணைக்கான போட்டியில் அவர்களுடைய பெயரைக் கொடுப்பதில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைப் பெற்றோரிடமும் நேரில் சென்று சொல்லிவிடுகிறேன்.